‘வேண்டாம்’ கேட்கும் தூரம்

தமிழில் நாம் படத்தை ‘எடுக்கிறோம்’. இன்னொரு வழக்கில் ‘பிடிக்கிறோம்’. இரண்டும் கை செய்கிற வேலைகள். மரத்திலிருந்து காயை எடுக்கிறோம், ஓடுகிற கோழியைப் பிடிக்கிறோம். காயிடமோ கோழியிடமோ யாரும் சம்மதம் கேட்பதில்லை. ‘அவரிடம் ஒரு படம் கேட்டு வாங்கினேன்’ என்று எந்தப் புகைப்படக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் மனிதர்களைப் படமெடுக்கும்போது நடக்க வேண்டியது அதுதானே? முகம் அவருடையது. அந்த நேரம் அவருடையது. நம்முடையது கருவி மட்டும்.

ஒருவரின் முகத்தை எடுத்துக்கொண்டு போக எனக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வி பழையது. எனக்கு இது புத்தகத்திலிருந்து வரவில்லை. 2025 பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு கல்வராயன் மலைக்குக் காரில் போய்வந்த இரண்டு நாட்களில் வந்தது. என்னிடம் ஒரு பழைய கேமராவும் இரண்டு பிரைம் லென்ஸ்களும் இருந்தன. அந்த லென்ஸ்களின் ஒரு குறைபாடுதான் இந்தக் கேள்வியை என் முன்னால் நிறுத்தியது. ஆகவே முதலில் அந்தக் குறைபாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூம் லென்ஸில் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருகினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், நின்ற இடத்தை விட்டு நகர வேண்டியதில்லை. பிரைம் லென்ஸில் அந்த வளையம் கிடையாது. அதன் குவியத் தூரம் ஒன்றே ஒன்று. 35 மி.மீ. என்றால் எப்போதும் 35, 50 என்றால் எப்போதும் 50. ஒருவர் படத்தில் பெரிதாக வர வேண்டுமென்றால் அவரை நோக்கி நடக்க வேண்டும். நான் இவற்றை வாங்கியதற்குக் காரணம் கொள்கை அல்ல, காசு. 50 மி.மீ. எஃப் 1.8 என்பது கேமரா நிறுவனங்கள் விற்பதிலேயே விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. அதோடு, கேமராவுடன் சேர்த்துக் கொடுக்கிற சாதாரண ஜூம் லென்ஸை முழு நீளத்துக்குத் திருகினால் துளை எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். 1.8இல் அதைப் போல ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஒரே ஒரு பல்பு எரிகிற சமையலறையில்கூடப் படமெடுக்கலாம்.

இனி தூரக் கணக்கு. முழுச்சட்டகக் கேமராவை நெட்டுவாக்கில் பிடித்து, ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரைத் தலை முதல் கால் வரை சட்டகம் நிறைய எடுக்க வேண்டுமென்றால், 50 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 8 அடி தள்ளி நின்றால் போதும். 35 மி.மீ. லென்ஸுக்கு ஐந்தடிக்குக் கொஞ்சம் கூட. 200 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸ் இருந்தால் 30 அடி தள்ளி நிற்கலாம். 30 அடி என்பது ஒரு மலைச்சாலையின் அகலத்தைவிட அதிகம். காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்காமல், எதிர்ப்பக்கம் விறகு சுமந்து போகிற பெண்ணை எடுத்துவிடலாம். எடுக்கப்பட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. 8 அடி என்பது வேறு. அது எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற தூரம். அங்கே நின்றால் முதலில் அவர் நம்மைப் பார்ப்பார். ‘யார் நீ?’ என்று கேட்பார்.

இதுதான் பிரைம் லென்ஸின் குறைபாடு. ஒளிந்துகொள்ள விடாது.

ஆனால் அந்த 8 அடிக்குப் போய்ச் சேர, முதலில் காரை நிறுத்த வேண்டும். காரை யார் நிறுத்துவது?

சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகச் சேலம் சாலையைப் பிடித்துக் கள்ளக்குறிச்சி. அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை. அணையைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும். காரில் நான்கு பேர்: கணவர், அத்தை, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், நான். எனக்கும் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. தனியாகப் போகும்போது நான்தான் ஓட்டுகிறேன். குடும்பமாகக் கிளம்பினால் மட்டும் ஸ்டீயரிங் கணவர் கைக்குப் போய்விடும். அப்படி யாரும் முடிவுசெய்ததில்லை. யாரும் முடிவுசெய்யாமலே நடப்பவைதான் குடும்பத்தில் அதிகம்.

ஓட்டுகிறவருக்கு நிறுத்துகிற உரிமையும் சேர்ந்தே வருகிறது. டீ குடிக்க நிறுத்துவார், டயரில் காற்று பார்க்க நிறுத்துவார், சும்மா கால் நீட்டவும் நிறுத்துவார். அவற்றுக்கெல்லாம் விளக்கம் தேவையில்லை. பின் இருக்கையில் அத்தை காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. “தாகம் இல்லை” என்றார். தாகம் இல்லாமலா இருக்கும்? தண்ணீர் குடித்தால் நிறுத்தச் சொல்ல வேண்டி வரும். நிறுத்துகிற இடத்தில் கழிப்பறை இருக்குமா, இருந்தால் உள்ளே போக முடியுமா என்று தெரியாது. நெடுந்தூரப் பயணத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிய பெண்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். சிறுநீருக்கே வண்டியை நிறுத்தச் சொல்லத் தயங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘ஒரு போட்டோ எடுக்கணும், நிறுத்துங்க’ என்று சொல்வது ஆடம்பரமாகத் தோன்றும். சொன்னால் வண்டி நிற்கத்தான் செய்யும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். “சீக்கிரம் வா, அருவிக்கு நேரமாகுது” என்ற குரல் முதுகில் ஒட்டிக்கொண்டே வரும்.

கேட்டு எடுப்பதற்கு வேண்டியது நேரம். இறங்க வேண்டும், நடக்க வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், எந்த ஊர் என்று அவர் கேட்டால் சொல்ல வேண்டும், அவர் யோசிக்கக் காத்திருக்க வேண்டும், மறுத்தால் திரும்பி வர வேண்டும். குறைந்தது கால் மணி நேரம். குடும்பப் பயணத்தில் ஒரு பெண்ணுக்கென்று தனியாகக் கால் மணி நேரம் ஒதுக்கப்படுவதில்லை. ஆகவே ஓடுகிற காரிலிருந்து ஜூம் போட்டு எடுக்கிற பெண்களைத் திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. நிறுத்தச் சொல்ல முடியாதவளின் லென்ஸ் அது. இன்னொரு பெண்ணுக்கு நான் மரியாதை தர வேண்டுமென்றால் என் கையில் நேரம் இருக்க வேண்டும். அந்த நேரத்தை நான் முதலில் என் வீட்டில் கேட்டு வாங்கியாக வேண்டும். புகைப்பட அறம் பற்றிப் பேசுகிற புத்தகங்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. அவற்றின் புகைப்படக்காரர் எப்போதும் தனியாகப் பயணம் செய்கிறார், அவருக்காக யாரும் காரில் காத்திருப்பதில்லை.

அதனால் நான் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் பேசினேன். ஒரு நாளைக்கு மூன்று முறை, நான் சொல்கிற இடத்தில், இன்ஜினை அணைத்து நிறுத்த வேண்டும். அத்தைக்கும் மகளுக்கும் தனித்தனியாக அதே உரிமை. கணவர் சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். கேட்காமல் கிடைத்திருக்காது.

*

கல்வராயன் மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்து மலையாளிகள் அல்ல, தமிழ் பேசுகிற மலைவாழ் மக்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் தங்களை உற்றுப் பார்ப்பது அவர்களுக்குப் புதிதும் அல்ல. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், பக்கத்துச் சேர்வராயன் மலையில் இதே மலையாளி மக்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவரது ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் கருவி வைத்து அளப்பது அவர் முறை. அளவுகோலோடு கேமராவும் போனது. அந்தப் படங்களுக்குக் கீழே இனத்தின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. எடுக்கப்பட்டவர் என்ன நினைத்தார் என்று எழுத அந்தத் தொகுதிகளில் இடமில்லை.

கல்வராயன் மலை 1970கள் வரை ஜாகீர்தாரர்களின் கையில் இருந்தது. அரசின் பார்வை இங்கே தாமதமாகத்தான் வந்தது. வந்தபோதும் பெரும்பாலும் காக்கிச் சட்டையில் வந்தது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அதன் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது 2024 ஜூனில். கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். மருத்துவமனை வாசலிலும், சிறிய வீடுகளின் முன்னாலும், மார்பில் அடித்துக்கொண்டு அழுத பெண்களின் முகங்களை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். சாவு நடந்தது நகரத்தில். ஆனால் அதற்குப் பிறகு ‘சாராய மலை’ என்ற பெயர் கல்வராயன் மலைமேல் விழுந்தது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, சாலையும் மருத்துவமும் பள்ளியும் எங்கே என்று கேட்டது. ஊடகங்களில் அந்தக் கேள்விகளைவிடச் சாராய ஊறல் பானைகளின் படங்கள் அதிகம் ஓடின.

நாங்கள் போனது அதற்கு ஆறேழு மாதம் கழித்து. கரியாலூரைத் தாண்டி வெள்ளிமலைக்குப் போகிற வழியில், சாலையோரப் பாறையில் மூன்று பெண்கள் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் வெயில் சாய்ந்து, காய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நிழல் விழுந்திருந்தது. என் மூன்றில் இரண்டாவது நிறுத்தத்தை அங்கே செலவழித்தேன். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். நடுவில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும்.

“அக்கா, நீங்க வேலை செய்யறத ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?”

“என்னாத்துக்கு?”

இந்தக் கேள்விக்கு எந்தப் புகைப்படக்காரரிடமும் நேரான பதில் இருக்காது என்று நினைக்கிறேன். “பாக்க நல்லா இருந்துச்சு, அதான்” என்றேன்.

“நல்லா இருந்தா பாத்துட்டுப் போ. போட்டோ என்னாத்துக்கு?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காயைப் புரட்டிவிட்டு அவரே தொடர்ந்தார். “போன வருசம் நெறையப் பேரு வந்து எடுத்தாங்க. டிவியில சாராயம் காய்ச்சற மலைன்னு போட்டுட்டாங்க. எம்மவ கீழ காலேஜில படிக்குது. உங்க ஊட்லயும் காய்ச்சுவீங்களான்னு கூடப் படிக்கிற புள்ளைங்க கேட்டுச்சாம். வேணாம்மா.”

லென்ஸுக்கு மூடியைப் போட்டேன். மூன்றாவதாக உட்கார்ந்திருந்த இளம்பெண் மடியில் ஒரு குழந்தை இருந்தது. “என்னை எடு. பாப்பாவோட சேத்து எடு. ஆனா கழுவிக் கொண்டாந்து குடுக்கணும். எடுத்துட்டுப் போனவங்க யாரும் குடுத்ததில்ல” என்றார். அவர் எழுந்து பாறையின் மறுபக்கம் வந்து நின்றார். கடுக்காயும் மற்ற இரண்டு பேரும் படத்தில் வரக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இடம். எங்கே நிற்பது என்பதை அவர் முடிவுசெய்தார். நான் 8 அடிக்கு வந்து நின்றேன். முகவரியை என் மகள் குறித்துக்கொண்டாள். ஊர் திரும்பிய வாரத்தில் ஆறு பிரதிகள் தபாலில் போயின.

மரத்தூள் பறக்கிற வெயிலில் காய்கள் கிடந்த பாறையும், அதைச் சுற்றி மூன்று பெண்களும் இருந்த அந்தப் படம் என்னிடம் இல்லை. நல்ல படமாக வந்திருக்கும். அவர் மகளைக் கல்லூரியில் அந்தக் கேள்வி கேட்டவர்களுக்குக் காரணம் நான் அல்ல. என் நோக்கமும் தவறானது அல்ல. ஆனால் அவர் மறுத்தது என் நோக்கத்தை அல்ல. ஒரு படம் கையை விட்டுப் போன பிறகு அதற்கு யார் என்ன தலைப்பு வைப்பார்கள் என்பது எடுத்தவர் கையில்கூட இல்லை என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

*

இதை வைத்து, பிரைம் லென்ஸ் நல்லது, ஜூம் லென்ஸ் கெட்டது என்று முடித்துவிடலாமா? அருகில் போனால் போதுமா? போதாது என்பதற்கு உலகமே அறிந்த ஒரு படம் சாட்சி.

1936இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டோரத்தியா லாங்கே தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நிப்போமோ என்ற இடத்தில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம் இருப்பதாக ஒரு பலகையைப் பார்த்தார். நிற்காமல் போனார். சுமார் 20 மைல் போன பிறகு மனம் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். திருப்ப முடிந்தது, ஏனென்றால் ஸ்டீயரிங் அவர் கையில் இருந்தது. அவருடைய கேமராவில் ஜூம் கிடையாது, அந்தக் காலத்தில் யாரிடமும் கிடையாது. ஒரு கூடாரத்தின் கீழ் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த 32 வயதுப் பெண்ணை நோக்கி, ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினார். கடைசிப் படம்தான் ‘புலம்பெயர்ந்த தாய்’. பொருளாதாரப் பெருமந்தத்தின் முகமாக அது பாடப்புத்தகங்களில் நின்றுவிட்டது.

லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. அதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் பெயர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. 42 ஆண்டுகள். அப்போது அவர் சொன்னதன் சாரம் இது: பெயரைக் கேட்கவில்லை, படத்தை விற்க மாட்டேன் என்றார், ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பவே இல்லை. அந்தப் படத்தால் அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. லாங்கே அரசு வேலையாகப் படமெடுத்தவர், அந்தப் படத்தின் உரிமைத்தொகை அவருக்கும் வரவில்லை. படம் செய்தித்தாளில் வந்ததும் முகாமுக்கு உணவு போனது உண்மை. அது போய்ச் சேர்ந்தபோது தாம்சனின் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தது என்பதும் உண்மை.

எடுத்தவர் பெண். எடுக்கப்பட்டவர் பெண். எடுத்தவருக்கு இரக்கம் இருந்தது, திறமை இருந்தது, நெருக்கமும் இருந்தது. இருந்தும் ஒரு பெயர் விடுபட்டது. பெண் பெண்ணைப் பார்க்கிறாள் என்பதாலேயே பார்வை நியாயமாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. காரில் தண்ணீர் குடிக்காமல் வந்த என் அத்தையும் கடுக்காய் காயவைத்த அந்த அக்காவும் ‘பெண்கள்’ என்ற ஒரு சொல்லுக்குள் வருகிறார்கள். ஆனால் ஒருவர் காருக்குள் இருக்கிறார், ஒருவர் பாறைமேல் இருக்கிறார். கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அந்த ஒரு சொல் மறைத்துவிடக் கூடாது.

எதிர்த்திசையில் ஓர் உதாரணமும் உண்டு. 1989இல் தயாநிதா சிங் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காக டெல்லியின் திருநங்கைகளைப் படமெடுக்கப் போனார். மோனா அகமது என்பவரைச் சந்தித்தார், படங்களும் எடுத்தார். படம் லண்டனில் வெளியாகும் என்று தெரிந்ததும் மோனா, அங்கே தனக்கு உறவினர்கள் இருப்பதாகச் சொல்லிப் படச்சுருளைத் திருப்பிக் கேட்டார். தயாநிதா கொடுத்துவிட்டார். டிஜிட்டல் இல்லாத காலம். கொடுத்தால் போனதுதான், பிரதி கிடையாது. அங்கிருந்து தொடங்கிய நட்பு நீண்டது. 2001இல் மோனாவின் வாழ்க்கை அவர் சொற்களோடு புத்தகமாக வந்தது. மறுப்பு அங்கே உறவை முடிக்கவில்லை, தொடங்கிவைத்தது. எல்லா மறுப்புக்குப் பின்னாலும் இப்படிப் புத்தகம் வரும் என்று நான் சொல்ல வரவில்லை. கரியாலூர்ப் பாறையில் எனக்கு எந்த நட்பும் கிடைக்கவில்லை, கிடைத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. மறுப்பை மதிப்பதற்குக் கூலி எதிர்பார்த்தால் அது வியாபாரம்.

ஆக, அருகில் போவது தன்னளவில் நல்ல செயல் ஆகாது. 8 அடியின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில், அவர் ‘வேண்டாம்’ என்று மெதுவாகச் சொன்னாலும் என் காதில் விழும். காதில் விழுந்த பிறகு நான் என்ன செய்கிறேன் என்பது லென்ஸின் பொறுப்பு அல்ல, என் பொறுப்பு. 30 அடியில், ஏற்றிவிட்ட கண்ணாடிக்குப் பின்னால், அந்தப் பொறுப்பு எழவே வழியில்லாதபடி நான் ஏற்பாடு செய்துகொள்கிறேன்.

இங்கே என் வகுப்பு மாணவிகள் எழுப்பக்கூடிய நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தால் அநீதியை யார் பதிவுசெய்வது? கருணாபுரத்து அழுகையை உலகம் பார்த்திருக்காவிட்டால் அரசு அசைந்திருக்குமா? இது லேசான கேள்வி அல்ல. பார்க்கப்படாமல் போவதும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நேர்கிற கொடுமைதான். நான் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். மேல்நோக்கி எடுக்கிற படத்துக்கு அனுமதி தேவையில்லை. மருந்தில்லாத மருத்துவமனை, போடாத சாலை, பதில் சொல்ல வேண்டிய அதிகாரி, வாக்குறுதி கொடுக்கிற அமைச்சர் இவர்களைக் கேட்காமல் எடுக்கலாம், 300 மி.மீ. ஜூம் போட்டும் எடுக்கலாம். பொறுப்பில் இருப்பவர்கள் பார்க்கப்பட வேண்டியவர்கள். கீழ்நோக்கி எடுக்கிற படத்துக்கு அனுமதி வேண்டும். கணவனின் பிணத்தின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு யாரிடமும் பதில் சொல்கிற கடமை இல்லை. அவரே, ‘எடு, எல்லாரும் பார்க்கட்டும்’ என்று சொல்லலாம், சாவு வீடுகளில் அப்படிச் சொல்கிற பெண்களும் உண்டு. அப்போது அது அவருடைய சாட்சியம். சொல்லாதபோது எடுத்தால் அவர் நம் செய்திக்குச் சேர்த்த உப்பு.

கருணாபுரத்துச் செய்திகளில் நான் கவனித்தது இதுதான். அழுத முகங்கள் அண்மைக் காட்சியாக வந்தன. பொறுப்பானவர்கள் தூரத்துக் காட்சியாக, கார் கதவுகள் மூடிக்கொள்கிற நொடியில் வந்தார்கள். லென்ஸ்கள் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தன.

*

இந்தக் கணக்கை வெளியில் மட்டும் போட்டால் போதாது, வீட்டுக்குள்ளும் போட்டுப் பார்க்க வேண்டும். குடும்பப் பயணத்தில் அதிகம் எடுக்கப்படுவது குடும்பம்தான்.

என் மகள் மேகம் அருவியில் நனைந்தாள். நான் கேமராவைத் தூக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டாள். “வேணாம்மா, டிரஸ் ஒட்டியிருக்கு.” காரில் இருந்த மற்ற இருவருக்கும் இது ஒரு மறுப்பாகவே படவில்லை. “வீட்டு ஆளுங்கதானே, சும்மா நில்லு” என்றார்கள். ‘வீட்டு ஆள்’ என்ற சொல்லால் பெண்களின் எத்தனை ‘வேண்டாம்’கள் நம் வீடுகளில் தள்ளுபடி செய்யப்படுகின்றன என்று கணக்கெடுக்க ஒரு நோட்டு போதாது. மலையில் ஓர் அக்காவின் ‘வேணாம்மா’வுக்கு லென்ஸை மூடிய நான், அதே சொல்லை, அதே விளியோடு என் மகள் சொன்னபோதும் மூடினேன். பெரிய காரியம் அல்ல. ஆனால் குடும்பத்தில் அன்றைக்கு அது ஒரு சிறு சண்டைக்குக் காரணமாக இருந்தது. ஒரு நல்ல படம் போய்விட்டது என்பதல்ல அந்தச் சண்டை. பிள்ளைக்கு இவ்வளவு இடம் கொடுப்பதா என்பதுதான்.

எடுப்பதற்கு ஒரு சம்மதம், பரப்புவதற்கு இன்னொரு சம்மதம் என்பதைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. பெண்களைத் தனிமையில் மறைந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும் குற்றமாக்கிய 354சி பிரிவு 2013இல் வந்தது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. அத்தகைய ஒரு படத்தை எடுக்க அந்தப் பெண் சம்மதித்திருந்தாலும், மற்றவர்களுக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றம் என்று அதன் விளக்கம் சொல்கிறது. இந்தச் சட்டம் தனிமைச் சூழலுக்கு மட்டுமே பொருந்தும். பொதுச்சாலையில் நடக்கிற பெண்ணையோ அருவிக்கரையில் நிற்கிற மகளையோ அது காக்காது. ஆனால் அந்த வேறுபாட்டை நாம் அங்கிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம். என் மகள் எடுக்கச் சம்மதித்த படங்களைக்கூடக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் அவளிடம் காட்டுகிறேன். முப்பத்திரண்டு படத்தில் ஐந்தை மட்டும் போடச் சொன்னாள்.

எடுப்பவளின் நிலையும் இங்கே சொல்லப்பட வேண்டும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. 1913இல் பிறந்தவர். அவருடைய தொடக்ககாலப் படங்கள் அவர் கணவரின் பெயரில் வெளிவந்தன. பிறகு ‘டால்டா 13’ என்ற புனைபெயரில் வந்தன. சுதந்திரத்தின் தொடக்க ஆண்டுகளைக் கண்ணால் பார்த்துப் பதிவுசெய்த பெண்ணுக்குத் தன் பெயர் படத்தின் கீழே வரவே காலம் பிடித்தது. எடுக்கப்பட்டவளுக்குப் பெயர் இல்லை, எடுத்தவளுக்கும் பெயர் இல்லை. நம் வீட்டு ஆல்பங்களைப் புரட்டினால் அந்த மரபு தொடர்வது தெரியும். அப்பா எடுத்த படங்களில் அம்மா இருப்பார், அடுப்படியில், பந்தியில், குழந்தை பக்கத்தில். அம்மாவே கேமராவை வாங்கிக்கொண்டால் ஆல்பத்திலிருந்து அம்மா காணாமல் போய்விடுவார். அந்த இரண்டு நாட்களில் நான் இருக்கிற படங்கள் மூன்று. மூன்றையும் மகள் எடுத்தாள். எடுக்கும் முன் கேட்டாள்.

இரண்டாம் நாள் காலை, தனக்கு ஒதுக்கிய நிறுத்தங்களில் ஒன்றை அத்தை பயன்படுத்தினார். கோமுகி அணைக்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். “என்னைத் தனியா ஒண்ணு எடும்மா. செத்தா மாட்டறதுக்குக்கூட நல்ல போட்டோ ஒண்ணு இல்ல. எல்லாத்துலயும் யாருக்காவது பக்கத்துல நிக்கறேன்” என்றார். அறுபத்தெட்டு வயதில் ஒரு பெண் தனியாக ஒரு படத்தில் நிற்க விரும்பி, அதற்கு ஒரே நியாயமாகச் சாவைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

50 மி.மீ. லென்ஸை மாட்டினேன். எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று அவரே முடிவுசெய்யட்டும் என்று காத்திருந்தேன். இன்ஜின் அணைந்திருந்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை. முதலில் கைகளைக் கட்டிக்கொண்டார், பிறகு அவிழ்த்துவிட்டார். அணைத் தண்ணீர் பக்கம் திரும்பி நின்று, கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, “சரி, இப்ப எடு” என்றார். எடுத்தேன். காருக்குத் திரும்பியதும் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.